மாப்பிள்ளை வரைந்த கல்யாணம்

எங்கள் வீட்டு மேசையில் தினமும் கல்யாணம் நடக்கும். பூங்கொத்தோடு வருகிறவன், முக்காட்டுக்குள் சிரிக்கிறவள், கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிற மாமியார், எல்லாரும் கறுப்பு வெள்ளையில் கட்டுக்கட்டாக வந்து இறங்குவார்கள். கல்லில் வரைந்து, முதலாளி ரவினெல்லின் பட்டறையில் அச்சடித்த படங்கள் அவை. அவற்றுக்கு வண்ணம் போடுவது எங்கள் பிழைப்பு. உதடு, கன்னம், சோபா, திரைச்சீலை, சிவப்பாக இருக்க வேண்டியதெல்லாம் என் பங்கு. நீலமும் தோல் நிறமும் என் தங்கை லெயோகாதியுடையது. வேண்டிய இடம் மட்டும் வெட்டியெடுத்த அட்டையைத் தாளின்மேல் வைத்துத் தூரிகையை ஓட்டினால் ஒரே இழுப்பில் மணப்பெண் வெட்கப்பட்டுவிடுவாள்.

என் பெயர் உர்சுல். தொப்பி செய்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். என் கல்யாணத்தை யாராவது படமாகப் போட்டிருந்தால் ஒரே தாளில் முடிந்திருக்கும், அதற்குக் கறுப்பு மை மட்டும் போதும். அதனால்தான் லெயோகாதியின் கல்யாணம் நன்றாக அமைய வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி. அம்மா இல்லாத பெண். பத்தொன்பது வயது, மூக்கும் முழியுமாக இருப்பாள், யார் எதைச் சொன்னாலும் நம்புவாள்.

நல்ல மாப்பிள்ளையை அடையாளம் காண எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் அவர்களுக்குச் சட்டை மாட்டிவிட்டவர்கள் நாங்கள். படத்தில் நல்லவன் தொப்பியை முழங்காலின்மேல் வைத்துக்கொள்வான். கையுறையைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பான். பெண்ணைப் பார்க்காமல் அவள் அப்பாவைப் பார்த்துப் பேசுவான். ஏமாற்றுகிறவன் கால்மேல் கால் போட்டு, தொப்பியைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடியில் தன் மீசையைப் பார்ப்பான். ஃபிலிபெர் முதல்முறை எங்கள் வீட்டுப் படியேறி வந்தபோது தொப்பியை முழங்காலின்மேல் வைத்தான். அவ்வளவுதான், நாங்கள் விழுந்துவிட்டோம். அந்த நல்லவர்களையும் கெட்டவர்களையும் கல்லில் வரைகிறவனே அவன்தான் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பழக்கம் தொடங்கியது ஒரு கையுறையில். ஆற்றுப்பாலத்தில் நடந்து போகும்போது லெயோகாதியின் கையுறை காற்றில் பறந்திருக்கிறது. ஃபிலிபெர் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொன்னாள். சில வாரம் கழித்து ரவினெல்லிடமிருந்து புதுக்கட்டு வந்தது. 'ஒரு கல்யாணத்தின் கதை' என்ற ஆறு படத் தொகுப்பில் முதல் படம். பாலம், காற்று, குனிந்து கையுறை எடுக்கிற இளைஞன்.

"அக்கா! இது என் தொப்பி. என் மூக்கு. இது நான்தான் அக்கா!"

"நீயேதான். வாயை மூடு, ஈ போயிடும்."

"என்னை மனசுல வெச்சிருந்தாத்தானே இப்படி வரைய முடியும்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று முழுவதும் அவள் தன் முகத்துக்குத் தானே தோல் நிறம் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் வழக்கத்தைவிடக் கவனமாக அவள் கன்னத்துக்குச் சிவப்பு வைத்தேன். இரண்டாவது படமும் வந்தது: லுக்சம்பூர் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை நடை, பின்னால் கொஞ்சம் தள்ளி அக்காக்காரி குடையோடு. குடைக்காரி நான்தான். என் மோவாயைக் கொஞ்சம் நீட்டிவிட்டிருந்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தங்கையின் சந்தோஷத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு முறையாகப் பெண் கேட்க வந்தான். ஞாயிறு பூசை முடிந்து, தன் மாமாவை அழைத்துக்கொண்டு, மஞ்சள் கையுறை போட்டுக்கொண்டு வந்தான். எல்லாம் ஒழுங்கு பிசகாமல் இருந்தது. எங்களில் பெண் கேட்கிற நேரத்தில் பெண் அந்த அறையில் இருக்கக் கூடாது. லெயோகாதியை அடுப்படிக்கு அனுப்பிவிட்டோம், கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அங்கே நின்றாள். அப்பா பர்னபே கீழே கடையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர், ஆள் வந்துவிட்டது என்றதும் பதறிப்போய் மேலே ஓடிவந்து கோட்டை மாட்டினார். பதற்றத்தில் தோல் ஏப்ரனைக் கழற்ற மறந்துவிட்டார். நல்ல கோட்டுக்குக் கீழே அது முழங்கால்வரை தொங்கியது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் மாப்பிள்ளையைப் பார்ப்பதிலேயே குறியாக இருந்தார்.

மாமாக்காரர் பேசி முடித்ததும் அப்பா ஃபிலிபெரின் பக்கம் திரும்பினார்.

"அவ அம்மா போனதுலேர்ந்து, விளக்கு வெச்சப்புறம் தனியா இருக்கப் பயப்படுவா தம்பி. சாயங்காலத்துல அவளைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க. நான் வேற ஒண்ணும் கேக்கலை."

"விடமாட்டேன் மாமா" என்றான் ஃபிலிபெர். முதல்முறையாக மாமா என்றான். அப்பா அழுதேவிட்டார். லெயோகாதியைக் கூப்பிட்டோம், செர்ரிப்பழ மது ஊற்றினோம், எல்லாரும் கொஞ்சம் அழுதோம், சிரித்தோம். நகர மன்ற வாசலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஒட்ட நாள் குறித்தோம். அந்த மதியத்தைப்போல ஒரு மதியம் எங்கள் வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை.

மூன்றாவது படம் எங்கள் மேசைக்கு வரவில்லை. தாமதம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் எதிர்க்கடை நாவிதர் கஸ்பார் வந்து அப்பாவின் தோளைத் தட்டினார்.

"என்ன பர்னபே, பெரிய ஆளாயிட்டே! ரவினெல் கடை ஜன்னல்ல உன்னைத்தான் மாட்டியிருக்காங்களாமே. ஊரே நின்னு பார்க்குதுன்னு என் வாடிக்கைக்காரர் சொல்றார்."

"என்னையா?"

"உன்னைத்தான்யா. மாப்பிள்ளை மாமனாரை மறக்கலை, பார்த்தியா."

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. தலையைச் சீவிக்கொண்டார். கழுத்துத்துணியை நான்தான் கட்டிவிட்டேன். கஸ்பாரையும் என்னையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு சேன் ழாக் தெருவில் கல்யாண ஊர்வலம் மாதிரி நடந்தார். வழியில் ரொட்டிக்கடைக்காரியிடம்கூட நின்று சொல்லிவிட்டு வந்தார்.

ஜன்னல் முன்னால் நல்ல கூட்டம். சிரிப்புச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. நான் முட்டித்தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். நடுவில் தொங்கியது படம். மாப்பிள்ளை அழகாக உட்கார்ந்திருக்கிறான், தொப்பி முழங்காலின்மேல். அவனுக்கு எதிரே, நல்ல கோட்டுக்குக் கீழே தோல் ஏப்ரன் தொங்க, வாய் கோணி அழுதுகொண்டு, மூக்கு நுனியில் ஒரு சொட்டோடு, எங்கள் அப்பா. கதவிடுக்கில் லெயோகாதியின் ஒரு கண்ணும் ஒரு காதும். கீழே அப்பா சொன்னதாக ஒரு வரி அச்சாகியிருந்தது. கல்லூரி மாணவன் ஒருவன் அதை ராகம் போட்டுப் படித்தான்:

"எடுத்துக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை! திருப்பி மட்டும் கொண்டாந்துடாதீங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சலவைக்காரி ஒருத்தி தன் ஏப்ரனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, அப்பாவைப்போலவே நடித்துக் காட்டினாள். கஸ்பார் தரையைப் பார்த்தார். திரும்பினேன். அப்பா எனக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"ஏய், இவருதான்யா அந்த ஆளு!" என்றான் அந்த மாணவன்.

அப்பா தொப்பியைக் கழற்றினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. யாராவது தன்னைக் காட்டிப் பேசினால் தொப்பியைக் கழற்றுவது அவர் வழக்கம், கழற்றினார். அதற்கும் சிரித்தார்கள். அந்த ஜன்னலை உடைத்துவிடலாமா என்று பார்த்தேன். அவர் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். கடைக் கதவைப் போய்ச் சாத்திக்கொண்டார். மறுநாளும் திறக்கவில்லை.

நான் நேராக அச்சுப்பட்டறைக்குப் போனேன். ஃபிலிபெர் ஜன்னலோரச் சாய்மேசையில் ஒரு கல்லின்மேல் குனிந்து, மெழுகுப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். எப்போதும் மரியாதையில் குறை வைக்கமாட்டான்.

"வாங்க அக்கா. ஜன்னலைப் பார்த்தீங்களா? தொகுப்புலேயே அதுதான் நல்லா போகுது. மாமாவை ஜனங்களுக்கு அவ்வளவு புடிச்சிருக்கு!"

"அந்தப் படம் ஏன் எங்க மேசைக்கு வரலை?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "வேற பெண்களுக்குக் கொடுக்கச் சொன்னேன். உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு."

"வருத்தமா இருக்கும்னு தெரியும். தெரிஞ்சும் வரைஞ்சீங்க."

"அக்கா, நான் கேலி பண்ணலை. அன்னைக்கு மாமா அழுதப்போ எனக்கும் கண்ணுல தண்ணி வந்துது, சத்தியமா. ஆனா அந்த ஏப்ரன்... அதை விட்டுட்டு வரைஞ்சா அது அவரே இல்லை. கீழே எழுதினது முதலாளி. நான் கண்ணால பார்த்ததை வரைஞ்சேன், அவ்வளவுதான்."

பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திருடன் என்றால் கழுத்தைப் பிடிக்கலாம். இவன் உண்மையாகவே லெயோகாதியை விரும்பினான். உண்மையாகவே அப்பாவோடு சேர்ந்து அழுதான். அழுதுகொண்டே ஏப்ரனின் நீளத்தையும் மனதில் அளந்துவைத்துக்கொண்டான்.

அப்போதுதான் மேசையிலிருந்த கல்லைப் பார்த்தேன். அச்சில் நேராக விழ வேண்டும் என்பதால் கல்லில் எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். ஆனாலும் அழுகிற முகம் எந்தப் பக்கம் திருப்பினாலும் அழுகிற முகம்தான். சாயங்காலம், விளக்கு எரிகிறது. மேசையில் இரண்டு தட்டு, ஒன்றில் சூப் ஆறிப்போயிருக்கிறது. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கையில் முகத்தைத் தாங்கி உட்கார்ந்திருக்கிறாள். கதவைத் திறந்து, தொப்பியும் தடியுமாக ஒருத்தன் வெளியே போகிறான். பெண் லெயோகாதி. போகிறவன் ஃபிலிபெர். தன் முகத்தையே போட்டிருந்தான், கொஞ்சம் தொப்பை வைத்து.

"இது என்ன?"

"ஆறாவது படம். 'ஒரு வருஷம் கழிச்சு'. இந்த மாதிரித் தொகுப்பு எல்லாமே இப்படித்தானே அக்கா முடியும்? நீங்களே எத்தனை போட்டிருக்கீங்க. அஞ்சு படம் இனிக்கணும், கடைசி கசக்கணும். இல்லைன்னா யாரும் வாங்கமாட்டாங்க."

"எங்கப்பா உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார்டா. வேற எதுவும் கேக்கலை. அதையே எடுத்து வரைஞ்சிருக்கே. கல்யாணம் இன்னும் ஆகலை, அதுக்குள்ள அவளைத் தனியா உக்கார வெச்சுட்டே."

நீங்க போய் நீ வந்துவிட்டது, டாவும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் அச்சுப்பொறியைச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவனுக்குக் கோபம் வரவில்லை. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். என் நீட்டிய விரலைப் பார்க்கிறானோ, நீண்ட மோவாயைப் பார்க்கிறானோ என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. கையைக் கீழே போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் லெயோகாதியிடம் கொட்டினேன். அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அது வெறும் படம் அக்கா."

"முதல் படம் வெறும் படமா? அதைப் பார்த்துத்தானே குதிச்சே, நான்தான் நான்தான்னு. இனிக்கிறப்போ நீ, கசக்கிறப்போ வேற யாரோவா?"

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து அப்பா மெதுவாக ஏறி வந்தார்.

"உர்சுல், விடு. என் ஏப்ரனுக்காக அவ கல்யாணம் நிக்கக் கூடாது. ஊர் ரெண்டு வாரம் சிரிக்கும், அப்புறம் வேற யாரையாவது பார்த்துச் சிரிக்கும். பையன் நல்ல பையன். குடிக்கிறதில்லை, கை நீட்டறதில்லை. நீ பட்டதை நினைச்சுப் பாரு."

என் வாயை அடைக்க அந்த ஒரு வார்த்தை போதும். என் புருஷன் குடித்தான், கையும் நீட்டினான். இவனிடம் குற்றம் என்று நகர மன்றத்தில் போய் எதைச் சொல்வது? பார்க்கிறான் என்றா? முதல் அறிவிப்பு போன ஞாயிறே வாசலில் ஒட்டியாகிவிட்டது. இரண்டாவது வருகிற ஞாயிறு. அது ஒட்டிவிட்டால் அந்த வாரத்திலேயே கல்யாணம்.

சனிக்கிழமை மதியம் ஃபிலிபெர் வந்தான். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற கூடையை அவனே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஒரு சால்வை, கொஞ்சம் சரிகைப்பின்னல், ஒரு விசிறி, தந்தப்பிடி போட்ட செபப்புத்தகம். சால்வை நல்ல சால்வை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாவின் முன்னால் போய் நின்று, "மன்னிச்சுடுங்க மாமா, அந்தப் படத்தை ஜன்னல்லேர்ந்து எடுக்கச் சொல்லிட்டேன்" என்றான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே நெகிழ்ந்துபோகிற மனுஷர். "ரெண்டு பேரும் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்கதவைத் திறக்கக் கீழே போனார். ஜன்னலைப் பார்த்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கடை திறந்தது. நான் பெண்ணுக்குக் காவலாக அங்கேயே, அடுப்புப் பக்கம் உட்கார்ந்தேன்.

லெயோகாதி ஜன்னலோரம் தன் நாற்காலியில் இருந்தாள். கூடையைத் தொடவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள், கண்ணில் பொட்டுத் தண்ணீர் வராமல் இறுகிப்போய் இருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"என்ன வேணா கேளு."

"அந்த ஆறாவது படம். அதைக் கல்லுலேர்ந்து அழிச்சுடறீங்களா?"

அவன் அவள் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அழிச்சுடறேன். திங்கட்கிழமை காலையில நானே மணல் போட்டுத் தேய்ச்சுடறேன். முதலாளி கத்தினா கத்தட்டும். இதுக்குப் போய் இவ்வளவு நாள் மனசுல வெச்சுக்கிட்டா இருந்தே, பைத்தியம்?"

நானே நம்பிவிட்டேன். சொன்னவிதத்தில் சூது இல்லை. மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பாவம், பையனைப்போய் இப்படி நினைத்தோமே, இந்தக் கல்யாணம் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

லெயோகாதி உடைந்துபோனாள். இத்தனை நாளாக அடக்கியதெல்லாம் ஒரேயடியாக வந்தது. ஒரு கையை விடுவித்துக்கொண்டு, கன்னத்தைத் தாங்கிக் குனிந்து, சத்தமில்லாமல் தேம்பினாள். வெளிச்சம் பக்கவாட்டில் அவள்மேல் விழுந்தது. கண்ணீர் மூக்கோரமாக இறங்கி உதட்டில் நின்றது. அவள் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது.

ஃபிலிபெர் அவளைப் பார்த்தான். பார்வை மெல்ல மாறியது. முகத்திலிருந்த பிரியம் எங்கேயும் போய்விடவில்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் கண் சுருங்கியது. அவளுடைய இன்னொரு கையை, தூங்குகிற குழந்தையை இறக்கி வைப்பதுபோல, அவள் மடியில் மெதுவாக வைத்தான். பிறகு மண்டியிட்டபடியே ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அவன் கை கோட்டுப் பைக்குள் போனது. சின்னப் புத்தகமும் பென்சிலும் வெளியே வந்தன.

"அப்படியே இரு கண்ணு" என்றான், தாழ்ந்த குரலில், அத்தனை ஆசையோடு. "தலையைத் தூக்காதே. ஒரே நிமிஷம். கல்லுல இந்த முகம்தான் எனக்குச் சரியா வராமயே இருந்துது."

நான் எழுந்துவிட்டேன். கையில் என்ன அகப்பட்டதோ அதை எடுத்து அவன் மண்டையில் போட்டிருப்பேன். ஆனால் லெயோகாதி கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

அவள் அசையாமல்தான் இருந்தாள். இரண்டு மூன்று கோடு இழுக்கிற நேரம் அவன் சொன்னபடியே, குனிந்த தலையோடு, கன்னத்தில் கை வைத்தபடி இருந்தாள். பென்சில் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி அவனைப் பார்த்தாள். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, நகர்ந்துட்டியே" என்றான் அவன். நிஜமாகவே வருத்தப்பட்டான். அவள் கூடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். படிக்கட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்து, கீழே கூப்பிட்டாள்.

"அப்பா, கோட்டைப் போட்டுக்கிட்டு வாங்க. நகர மன்றம் சாத்தறதுக்குள்ள போகணும். நாளைக்கு அந்த அறிவிப்பு ஒட்ட வேண்டாம்னு சொல்லணும்."

"ஏம்மா? என்ன ஆச்சு?"

அவள் தொப்பியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். ஃபிலிபெர் கூடையும் பென்சிலுமாக அறை நடுவில் மண்டியிட்டபடியே இருந்தான். "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.